மூன்றாவது கவர்

அவரிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயைத் திறந்தாலே கையை உயர்த்தித் தடுப்பார். "நில்லுங்க, நாங்க ஞாயித்துக்கிழமை போறோம்" என்பார். போகிற எண்ணமே இருக்காது. இருந்தாலும் முடிவு அவர் காதில் விழக் கூடாது. கிரிக்கெட் நடக்கிற நாட்களில் வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்ற ஒரே அரசு ஊழியர் அவராகத்தான் இருப்பார்.

என் தோழி ஹேமாவின் அப்பா. நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்து, அதைச் சுற்றி முள்காட்டை வெட்டி மனை போட்ட காலத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிவந்தன. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் இருந்தார். ரோடு போட, பாலம் கட்ட, காண்டிராக்டர்கள் தங்கள் விலையை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, பூட்டிய பெட்டிக்குள் போடுவார்கள். குறித்த நாளில், குறித்த மணிக்கு, போட்டவர்கள் கண்ணெதிரில்தான் கவர்களைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் யார் வந்து எப்படிக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. "பெட்டிக்கும் வாய் இருக்குது, எனக்கும் வாய் இருக்குது. ரெண்டும் பூட்டித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமையில் நியாயம் இருந்தது. அந்தப் பிரிவில் அவரைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் வந்ததில்லை.

ஆபீஸ் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் அம்மா தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது அவர் தெருவில் ஆறு வீட்டுக்கு ஆளுக்கொரு பழுப்புக் கவர் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று எழுதி ஒட்டித் தர வேண்டும். மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி, உருகிச் சொட்டியதும் ஒரு பித்தளைப் பொத்தானால் அழுத்துவார். ஆபீஸ் முத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால் அவருடைய பழைய கோட்டிலிருந்து அறுத்து வைத்திருந்த பொத்தான் அது. பெயர் வைக்கிற நாளில் எல்லார் முன்னாலும் கவர்களைப் பிரித்து உரக்கப் படித்தார். அப்போது எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த என் அத்தை 'பெண்தான், நிறம் கம்மிதான்' என்று எழுதியிருந்ததையும் படித்துவிட்டார். அத்தை அதன்பின் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "எழுதினத படிக்கணும், அதான் ரூல்" என்று அவர் நிதானமாகச் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு தொடர் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

'சாம்பல் நாடு' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மாயாஜாலக் கதை. வருஷத்துக்கு ஒரு பாகம், மொத்தம் ஐந்து பாகம் என்று முதல் பாகத்தின் பின்னட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். எரிமலைச் சாம்பலில் மூழ்கிப்போன ஒரு நாடு, அதற்குள் போகிற ஓர் அக்காவும் தம்பியும். ஹேமாவும் நானும் ஆறாம் வகுப்பில் இருந்தபோது தேரடி வீதிப் புத்தகக் கடையில் எங்களுக்கென்று வாங்கிவந்தவர், வழியில் பஸ்ஸிலேயே பாதியை முடித்துவிட்டார். மீதியையும் முடித்த பிறகுதான் எங்கள் கைக்குக் கொடுத்தார். நாற்பது வயதுக்காரர். ஆபீசில் கேட்டால் பெண்ணுக்காக என்பார்.

நாங்கள் படித்து முடித்ததும் டீப்பாயின் மேல் மூன்று கவர்களை வைத்தார். அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். கவர் மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து. அப்புறம் அரக்கு, பொத்தான். அடுத்த வருஷம் புத்தகம் வந்து மூன்று பேரும் படித்த பிறகு பிரிப்போம். யாருடைய ஊகம் சரியோ அவர்கள் அதற்கடுத்த பாகத்தை முதலில் படிக்கலாம். எழுதியதை வெளியில் உளறினால் கவர் செல்லாது.

ஹேமா இரண்டு முறை ஜெயித்தாள். நான் ஒரு முறையும் ஜெயித்ததில்லை. அவர் ஒரே ஒரு முறை ஜெயித்தார். அந்த வருஷம் புத்தகத்தை முதலில் படிக்கிற உரிமையோடு அவர் மூன்று நாள் எங்களை எப்படிக் காயவைத்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பக்கத்தைத் திருப்பி, "அடப்பாவி" என்று சொல்லிவிட்டு மூடி வைத்துவிடுவார். யாரை, எதற்காக என்று சொல்ல மாட்டார். ஹேமா அவர் முதுகில் குத்துவாள். "நேரம் வரட்டும்மா" என்பார்.

நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் தம்பியைக் காப்பாற்றுவதற்காக அக்கா சாம்பல் கதவுக்குள் நுழைந்துவிடுகிறாள். அதற்குள் போனவர்கள் யாரும் வெளியே வந்ததில்லை என்று முதல் பாகத்திலிருந்தே கதை சொல்லிக்கொண்டு வந்தது. கதவு மூடிக்கொள்கிறது, தம்பி வெளியில் நிற்கிறான். அவ்வளவுதான். எதிர்ப் பக்கத்தில் கட்டம் கட்டி, 'ஐந்தாம் பாகம், பொங்கல் வெளியீடு' என்று போட்டிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. கோடையில் என்றார்கள். அதுவும் போய்த் தீபாவளி என்றார்கள். சனிக்கிழமை தோறும் அவர் ஆபீஸ் விட்டு நேராகத் தேரடி வீதிக்குப் போவார். கடைக்காரர் அவர் சைக்கிளைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவார். அவர் வீடு திரும்புகிற நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சைக்கிள் ஹாண்டிலில் பை தொங்குகிறதா என்று முனையிலேயே தெரிந்துவிடும். தொங்காது.

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஆடி மாதத்தில் ஹேமாவுக்கு முடியாமல் போனது. முதலில் சோர்வு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எதைச் சொன்னாலும் "அப்புறம் செய்யறேன்" என்று படுத்துக்கொள்வாள். ஆன்ட்டி, அதாவது அவள் அம்மா, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குக் கத்துவார். "வயசுப் பொண்ணு, பட்டப் பகல்ல படுத்துக் கெடக்கறத பாரு, சோம்பேறி." அந்த மாதத்தில்தான் அங்கிள் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, ஹேமா தேய்க்க வேண்டிய பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேலி செய்தோம். நானும் செய்தேன். "டெண்டர் உங்களுக்கே கெடைச்சிடுச்சா, அங்கிள்?" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்று வரை மறக்கவில்லை.

ஏனென்றால் அவருக்கு அப்போதே தெரியும். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துக் கொடுத்த காகிதம் அவரிடம் இருந்தது. ரத்தப் புற்றுநோய், நாள் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் அந்தக் காகிதத்தை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, பீரோவில் தன் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். மனைவியிடம், "ரத்தம் கம்மியாம், ஏத்தினா சரியாயிடும்" என்றார். மகளிடமும் அதையேதான் சொன்னார்.

ஆவணியில் வேலூரில் சேர்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அழைத்துப் போனாள். ஹேமாவின் வலது கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது. தலையில் ஸ்கார்ஃப். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வந்துச்சா?" என்பதுதான். புத்தகத்தைக் கேட்கிறாள். "இன்னும் வரலடி" என்றேன். "தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு அப்பா சொன்னாரு. ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம்" என்றாள்.

அன்று அங்கிள் பையில் மூன்று கவர்களையும் அரக்கையும் கொண்டுவந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒத்திப்போட்ட ஐந்தாம் பாகத்து ஊகத்தை அன்று முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஹேமாவால் எழுத முடியாது என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் விதிப்படி வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவள் என் காதில் சொன்னாள், நான் எழுதினேன்:

'அக்கா திரும்பி வந்துடுவா. எப்படின்னு எனக்குத் தெரியல. கதை எழுதறவர் ஏதாவது செய்வார். அது அவர் வேலை. கதவைத் தட்டி, பசிக்குதுனு சொல்லுவா. அவங்க அம்மா திட்டிக்கிட்டே சோறு போடுவாங்க.'

இடது கையால் மடிப்பின் மேல் கையெழுத்துப் போட்டாள். கோணல் மாணலாக இருந்தது. "யார்கிட்டயாவது சொன்ன, கவர் செல்லாது" என்று என்னை மிரட்டினாள். வார்டுக்குள் நெருப்புக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் அவர் வராந்தாவுக்குப் போய் அரக்கை உருக்கினார். இரண்டு சொட்டுத் தரையில் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தார்.

புரட்டாசியில் ஒரு நர்ஸ் தெரியாத்தனமாக ஆன்ட்டியிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்று ஆன்ட்டி அழவில்லையாம். வீட்டுக்கு வந்து பீரோவைக் கலைத்து அந்தக் கவரை எடுத்துப் பிரித்திருக்கிறார். அங்கிள் வந்ததும் காகிதத்தை அவர் முகத்துக்கு எதிரில் பிடித்துக்கொண்டு கேட்டது எங்கள் வீட்டுக்கும் கேட்டது. "ஆடி மாசம் பூரா சோம்பேறினு திட்டினனே. எனக்கு மட்டும் சொல்லியிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா? பெத்தவகிட்ட கூடவா சீல் வெப்ப?"

அவர் சொன்ன பதிலும் கேட்டது. "உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியப் பாத்து அவளுக்குத் தெரிஞ்சிடும்."

ஐப்பசியில் ஹேமா போய்விட்டாள். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது.

பிறகும் அவர் சனிக்கிழமைகளில் தேரடி வீதிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆன்ட்டி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் ப்ளஸ் டூ முடித்துக் காலேஜில் சேர்ந்துவிட்டேன். சொன்னால் தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கு அந்தக் கதையே மறந்துபோய்விட்டது. அவருக்கு மட்டும் அந்த ஐந்தாம் பாகம் வந்தே தீர வேண்டியிருந்தது.

அது வந்தது ஒரு பௌர்ணமி அன்று. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். சைக்கிளும் நுழைய முடியாது. கடைக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு வேங்கிக்காலில் இருந்து தேரடி வீதி வரைக்கும் நடந்தே போய், அந்தக் கூட்டத்தை எதிர்த்து நடந்தே திரும்பியிருக்கிறார். சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஞாயிறு, என்னைக் கூப்பிட்டனுப்பினார். டீப்பாயின் மேல் மூன்று கவர்கள். பொத்தானும் இருந்தது. அவர் ஷேவ் செய்துகொண்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரி சட்டை போட்டிருந்தார். புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீ படிம்மா. நான் முடிச்சிட்டேன்" என்றார். அவர் குரலிலேயே எனக்குப் பயமாக இருந்தது.

படித்தேன். முக்கால் புத்தகம் ஏதேதோ சண்டை. கடைசிப் பத்துப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு கிழவி வருகிறாள். அவளிடம் ஒரு மண்சட்டி இருக்கிறது. நான்கு பாகத்தில் ஓர் இடத்திலும் அந்தச் சட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. கிழவி சட்டியிலிருந்து சாம்பலை அள்ளி ஊதுகிறாள். அக்கா எழுந்து வருகிறாள். எல்லாரும் விருந்து சாப்பிடுகிறார்கள். சுபம்.

"ஊதினாளாம்" என்றார் அவர். "ஊதினாளாம், எழுந்து வந்துட்டாளாம். இதுக்கு எத்தன வருஷம் காக்க வெச்சான். நிபந்தனையில இல்லாத ஒண்ண கடைசில கொண்டாந்து சேக்கறான். உள்ள போனவங்க வரமாட்டாங்கனு அவன்தானே சொன்னான்? நாமளா சொன்னோம்?"

அவர் தன் கவரைப் பிரித்துக் காட்டினார். 'அவள் வரமாட்டாள். தம்பி தனியாக வீட்டுக்குத் திரும்புவான். என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலில் நிற்பான்.' ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதியது. என் கவரைப் பிரித்தார். அக்கா பறவையாக வருவாள் என்று என்னவோ எழுதியிருந்தேன். மூன்றாவது கவரை எடுத்து, இடது கைக் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "போட்டவங்க முன்னாலதான் பிரிக்கணும்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளே பதிப்பகத்துக்கு ஆபீஸ் பாணியில் கடிதம் எழுதினார். என்னிடம் படித்துக் காட்டினார். 'பொருள்: சாம்பல் நாடு ஐந்தாம் பாகம் – முடிவு – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.' உள்ளே ஒரு வரி இருந்தது: 'இறந்தவர் எவரும் திரும்பி வந்ததாக இந்நாள் வரை என் கவனத்துக்கு வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த முடிவைச் சொல்லித் திட்டினார். யாருக்கும் முடிவைச் சொல்லாத மனிதர், காய்காரம்மாவை நிறுத்தி வைத்துச் சொன்னார். "செத்தவ வரணும்னு எவன் ஆசப்படுவான்? மூளையில்லாதவன்தான் ஆசப்படுவான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை சொல்லி வீட்டுக்குள் போய்விடுவேன். அவர் மகள் ஆசைப்பட்டது அதைத்தான். என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தக் கவர் பிரிந்தால் அவர் திட்டிய திட்டெல்லாம் யார் மேல் விழும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதனால்தான் அவர் கேட்டபோது நான் பொய் சொன்னேன். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"கேக்கக் கூடாதுதான். ஆனா நீதானே எழுதின. அவ என்ன எழுதச் சொன்னா?"

நான் யோசிக்கவே இல்லை. அவருக்குப் பிடித்ததைச் சொன்னேன். "அக்கா வரமாட்டானுதான் எழுதச் சொன்னா, அங்கிள். நீங்க எழுதின மாதிரியேதான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் பொண்ணு என்பார் என்று நினைத்தேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"என்ன அங்கிள்?"

"போயிடுவோம்னு. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் தெரியாமலே போனானு நெனச்சிக்கிட்டு இருக்கேன். அதுக்காகத்தானே அவங்கம்மாகிட்ட கூட சொல்லல. அந்த ஒண்ணாவது சரியா பண்ணிட்டேன்னு இருந்தேன்."

கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. "இல்ல அங்கிள், நான் பொய் சொன்னேன். வந்துடுவானுதான் எழுதச் சொன்னா. பசிக்குதுனு கேட்டுக்கிட்டு வருவானு சொன்னா. சத்தியமா. கவரப் பிரிச்சுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நீ நல்ல பொண்ணும்மா" என்றார்.

"பிரிச்சுப் பாருங்க அங்கிள். நானே எடுத்துட்டு வரேன்."

"போட்டவ இல்லாம பிரிக்கக் கூடாது."

"நான்தானே எழுதினேன். அவளுக்குப் பதிலா நான் இருக்கேன்."

"அதுக்கு அவ கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அது விதி இல்லை, பயம். முதலில் நான் சொன்னதுதான் உள்ளே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இது புரிகிற வயது எனக்கு அப்போது இல்லை. பிறகும் நான் பல முறை கெஞ்சினேன். ஒவ்வொரு முறையும் என் இரக்கத்தைப் பாராட்டினாரே தவிர நம்பவில்லை. கடிதம் எழுதுவது நின்றுபோனது. புத்தகத்தைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. சைக்கிள் வெளியில் நனைந்து துரு ஏறியது. யாராவது படத்தின் முடிவைச் சொன்னால் கையை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் கல்யாணமாகி ஆரணிக்குப் போன பிறகு, அவர் ரிடையர் ஆகி ஒரு வருஷம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் ஆன்ட்டி என்னை உள்ளே கூப்பிட்டார். பீரோவிலிருந்து கவரை எடுத்தார். அரக்கு உடையவில்லை. பொத்தானின் தடம் அப்படியே இருந்தது.

"உன் கையெழுத்துதானே உள்ள?"

"ஆமா ஆன்ட்டி."

அவர் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. கட்டை விரலை மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பில் கிழித்தார். அரக்கு பொடிப் பொடியாகத் தரையில் சிதறியது. வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போய் நின்று படித்தார். நாலு வரிதான். நெடுநேரம் படித்தார்.

"நான் திட்டிக்கிட்டே சோறு போடுவேன்னு சொன்னாளா?" என்றார்.

"கதையில வர அம்மாவத்தான் சொன்னா, ஆன்ட்டி."

"தெரியும்" என்றார். காகிதத்தை மடித்தார். "இது எந்த மாசம்?"

"ஆவணி."

"அப்போ அவளுக்குத் தெரியாது."

"தெரியாது, ஆன்ட்டி."

"தெரிஞ்சேதான் போனானு பொலம்பிக்கிட்டு இருந்தாரு. அந்த மனுஷனுக்கும் தெரியாமலே போச்சே" என்றார். பிறகு குனிந்து, கால்களில் குத்திவிடும் என்று சொல்லிக்கொண்டே, தரையில் கிடந்த அரக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.